மைனர் த்ரெட்டின் முதல் தட்டு: இதில் எனக்கு எது கேட்காமல் போகிறது?

தாழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தம்பிக்கு ஹார்ட்கோர் பங்க் என்றால், அதாவது வேகமும் கத்தலுமான ராக் இசை என்றால், உயிர். அதிலும் மைனர் த்ரெட் என்ற அமெரிக்க பேண்ட். "அக்கா, அவங்க முதல் தட்டை மட்டும் ஒரு தடவை ஒழுங்கா கேளு, மத்ததை அப்புறம் பேசலாம்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போன வாரம் உட்கார்ந்து கேட்டேன். அவன் என்னிடம் கொடுத்திருந்தது 26 பாட்டும் சேர்ந்த தொகுப்பு. முதல் தட்டு என்பது அதில் தொடக்கத்தில் வரும் 8 பாட்டுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிட்டேன். பத்தாவது பாட்டுக்கு மேல் எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்றே பிடிபடவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே கேட்கிறது. வேகம், கத்தல், முடிவு. இதைப் பிரித்துக் கேட்பது எப்படி? இரண்டு, நான் எப்போதும் வரிகளைத்தான் முதலில் கவனிப்பவள். 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டைப் படித்தால் குடி வேண்டாம், போதை வேண்டாம் என்று யாரோ பாடம் நடத்துவதுபோல இருக்கிறது. பங்க் என்றால் யார் சொல்வதையும் கேட்காத இசை என்றுதானே சொல்வார்கள்?

குறை சொல்லக் கேட்கவில்லை. அந்தத் தட்டைப் பற்றிப் பேசும்போது தம்பியின் முகம் மாறிவிடும். அவனுக்குக் கேட்பது எனக்கும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.


ஊசிமுனை எழுதியது:

முதல்ல 26 பாட்டையும் சேர்த்துக் கேக்குறதை விடுங்க. அது 1989-ல வந்த தொகுப்பு. நீங்க கேட்ட தட்டு 1981 ஜூன்ல வந்த ஏழு அங்குல ஈபி, அதாவது நாலஞ்சு பாட்டோ எட்டுப் பாட்டோ இருக்கிற சின்னத் தட்டு. 8 பாட்டும் சேர்ந்து 9 நிமிஷம் சொச்சம்தான்.

இன்னொண்ணு, தட்டுல ரெண்டு பக்கம் இருக்குங்கிறதை மறந்துடாதீங்க. பக்கத்துக்கு 4 பாட்டு. முதல் பக்கம் 'ஃபில்லர்'ல தொடங்கி 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்'ல முடியும். அப்புறம் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடணும். அந்த எழுந்து போற நேரமும் கேட்கிறதுல சேர்த்திதான். சிடியில அந்த இடைவெளியே கிடையாது, நாலாவது முடிஞ்ச கையோட அஞ்சாவது வந்து மோதிடும். அதனால நாலுல நிறுத்துங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அப்புறம் அடுத்த நாலு. எட்டோட நிறுத்திடுங்க, ஒன்பதாவது பாட்டு இந்தத் தட்டே இல்ல.


ஆறாம்தந்தி எழுதியது:

தாழம்பூ, இந்தத் தட்டைப் பற்றி யாராவது இப்படி நேராகக் கேட்டால் என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. பொறுமையாகப் படியுங்கள்.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மைனர் என்றால் நம் காதுக்கு முதலில் வந்து நிற்பவர் வேறு ஆள். இங்கே அது சட்டம் சொல்கிற மைனர், வயசு வராதவர். 1981 ஏப்ரலில் இதைப் பதிவு செய்தபோது பாடிய இயான் மெக்காய்க்கு அந்த மாதம்தான் 19 ஆனது. பாஸ் வாசித்த ப்ரையன் பேக்கருக்கு 16. டிரம்ஸ் ஜெஃப் நெல்சன், கிதார் லைல் ப்ரெஸ்லர். வாஷிங்டன் டிசி பையன்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் ஆர்லிங்டன், அங்கே டான் ஸியன்டாரா என்பவர் தன் வீட்டிலேயே நடத்திய இன்னர் இயர் என்ற ஒலிப்பதிவுக்கூடம். அங்கேதான் பதிவு. பெரிய கம்பெனி எதுவும் இவர்களைக் கூப்பிடவில்லை, இவர்களும் யாரையும் போய்க் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் இயானும் ஜெஃபும் டீன் ஐடில்ஸ் என்ற பேண்டில் இருந்தார்கள். 1980 கடைசியில் அது கலைந்தது. கச்சேரிகளில் சேர்ந்த பணம் ஏறக்குறைய 600 டாலர் கையில் இருந்தது. அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளாமல், கலைந்துபோன பேண்டின் பாட்டுகளைத் தட்டாகப் போட்டார்கள். அதற்காக அவர்களே தொடங்கிய டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் முதல் வெளியீடு அதுதான். இனி இல்லாத ஒரு பேண்டுக்காகத் தொடங்கிய கம்பெனி! நீங்கள் கேட்டது அதன் மூன்றாவது வெளியீடு.

இனி உங்கள் முதல் சந்தேகம், எல்லாம் ஒன்றுபோலக் கேட்பது. நான் கிதார் வாசிக்கிறவன், அதனால் கிதார் வழியாகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டைத்தான் கார்டு என்பார்கள். பங்க் வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் பவர் கார்டில்தான் ஓட்டுவார்கள். இரண்டு மூன்று தந்தியை அழுத்தினால் போதும், கை சுலபமாக நகரும், வேகமாக வாசிக்க வசதி. ப்ரெஸ்லர் அப்படிச் செய்யவில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு தந்தியையும் அழுத்திய முழு பார் கார்டை அந்த வேகத்தில் மாற்றி மாற்றி வாசிக்கிறார். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். நான் 'ஃபில்லர்' பாட்டை அப்படி வாசித்துப் பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றரை நிமிஷப் பாட்டு. நாற்பது விநாடி தாண்டும்போது இடது கட்டைவிரலின் அடியில் இருக்கிற தசை கல்லாக இறுகிவிட்டது. ஒரு நிமிஷத்தில் ஆள்காட்டி விரல் தூக்கிக்கொள்ள ஆரம்பித்து, மேல் தந்திகள் சத்தமில்லாமல் 'டப் டப்' என்று செத்துப்போயின. மூன்று மாதம் தினமும் பழகிய பிறகு ஒரு தடவை முழுசாக முடித்தேன். அடுத்த பாட்டைத் தொடங்கக் கையில் தெம்பு இல்லை. அவர்களோ அப்படி எட்டு வாசிக்கிறார்கள்.

இதனால் கேட்கிறவருக்கு என்ன என்று கேட்பீர்கள். ஆறு தந்தியும் ஒலிப்பதால் மேல்தந்திகளின் பளபளப்பும் சேர்ந்து வருகிறது. அதனால்தான் இவ்வளவு வேகத்திலும் கிதார் வெறும் இரைச்சலாகக் குழம்புவதில்லை, ஒவ்வொரு கார்டு மாற்றமும் தனித்தனியாகத் தெரிகிறது. கத்தலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு ஒரு தடவை கிதாரை மட்டும் பின்தொடருங்கள். கோபத்தில் கண்டபடி அடிப்பதாகத் தோன்றியது எவ்வளவு கணக்காகப் போகிறது என்று புரியும். அப்புறம் பாட்டுகளின் முடிவைக் கவனியுங்கள். நான்கு பேரும் ஒரே நொடியில் கையை எடுக்கிறார்கள். தேய்ந்து மறைவது, இழுத்து முடிப்பது எதுவும் கிடையாது. அதே ஊரில் பேட் ப்ரெய்ன்ஸ் என்ற பேண்ட் இருந்தார்கள். ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துவிட்டு பங்க்குக்கு வந்தவர்கள், வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்தே வாசிக்கலாம் என்று காட்டியவர்கள். அவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்த பையன்கள் இவர்கள். அந்தப் பாடம் இந்தத் தட்டு முழுக்க இருக்கிறது.

பாட்டுகளைப் பிரித்து அறிய, ஒவ்வொன்றிலும் கோபம் யார் மேல் என்று பாருங்கள். 'ஃபில்லர்' பாட்டில் மதத்திலும் காதலிலும் தன்னைத் தொலைத்துவிட்ட ஒரு நண்பன் மேல். 'சீயிங் ரெட்' பாட்டில் தோற்றத்தைப் பார்த்துக் கேலி செய்கிறவர்கள் மேல். 'பாட்டில்ட் வயலன்ஸ்' குடித்துவிட்டு அடிதடிக்கு வருகிறவனைப் பற்றி. உலகம், அரசாங்கம் என்று தூரத்தில் இருக்கிற எதையும் திட்டவில்லை. தினமும் எதிரில் வந்து நிற்கிற மனிதர்களிடம்தான் எல்லாப் பேச்சும். எட்டாவது பாட்டு பேண்டின் பெயரையே கொண்டது. அதில் மட்டும் பேச்சு தங்கள் வயதைப் பற்றித் திரும்புகிறது, சின்னப் பையன்கள் என்று ஒதுக்குவதைப் பற்றி, சீக்கிரம் பெரியவனாகிவிட வேண்டும் என்ற அவசரத்தைப் பற்றி. ஒன்றரை நிமிஷம்தான். ஒவ்வொரு தடவையும் அது முடியும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ நிற்கும்.

இரண்டாவது சந்தேகத்துக்குச் சாயங்காலம் வந்து எழுதுகிறேன். அது இன்னும் முக்கியம்.


மடிப்பு எழுதியது:

ஆறாம்தந்தி சொன்னதோடு உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அச்சகத்தில் பைண்டிங் பக்கம் வேலை பார்க்கிறேன், அதனால் இதை விட முடியாது.

உறைப் படத்தில் படியில் உட்கார்ந்து, மழித்த தலையைக் கைகளில் கவிழ்த்திருக்கும் பையன் இயானின் தம்பி அலெக். முகமே தெரியாது. அதனால்தானோ என்னவோ, அந்த வயதில் இருந்த யாரும் அதில் தன்னைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1995-ல் ரான்சிட் பேண்ட் தங்கள் ஆல்பம் உறையில் அந்த உட்காரும் நிலையை மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். 2005-ல் நைக்கி ஷூ கம்பெனி கேட்காமலே எடுத்து விளம்பரத்துக்குப் போட்டுவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது உறை செய்த விதம். டிஸ்கார்டின் ஆரம்பகாலத் தட்டுகளுக்கு உறை செய்து தர ஆள் வைக்கவில்லை. இங்கிலாந்தில் வந்த ஒரு சிங்கிளின் உறையைப் பிரித்துப் பார்த்து அதன் வடிவத்தைத் தெரிந்துகொண்டு, அச்சடித்த தாள்களைத் தாங்களே கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆயிரக்கணக்கில்.

நண்பர்களின் பேண்டுக்காக நான் ஒருமுறை 200 உறை கையால் செய்தேன். முதல் முப்பது வீணாகப் போனது. காகிதத்தில் நார் ஓடுகிற திசை என்று ஒன்று உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். பசை கொஞ்சம் கூடினால் உள்பக்கம் கசிந்து தட்டில் ஒட்டும், குறைந்தால் ஓரம் ஒரு வாரத்தில் வாயைப் பிளக்கும். அறுபதாவது உறைக்குத்தான் விரலுக்கு அளவு பிடிபட்டது. அன்றைக்கு ராத்திரி வேலை செய்துகொண்டே இந்த எட்டுப் பாட்டைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பாட்டு வாசித்த அதே கைகள்தான் உறையும் மடித்தன என்று தெரிந்து கேட்டால் அது வேறு மாதிரி கேட்கும், தாழம்பூ. உங்கள் தம்பியிடம் அசல் தட்டோ மறுபதிப்போ இருந்தால் கையில் வாங்கிப் பாருங்கள்.


கோடை எழுதியது:

எல்லாரும் புகழ்றீங்க, சரி. எனக்கும் இந்த பேண்ட் பிடிக்கும். ஆனா தாழம்பூ கேட்ட ரெண்டாவது கேள்வியில நியாயம் இருக்கு. 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்'ங்கிற அந்த முக்கால் நிமிஷப் பாட்டோட பேர்ல, குடி, போதை வேண்டாம்னு ஒரு இயக்கமே வந்துச்சு. நல்லதும் நடந்துச்சு, இல்லைங்கல. ஆனா கச்சேரியில பக்கத்துல நிக்கிறவன் கையில என்ன இருக்குன்னு பாக்குற பழக்கமும் அதோட சேர்ந்தே வந்துச்சு. எனக்கு ரொம்ப நெருக்கமா இருந்த ஒருத்தன், நான் ஒரு பீர் குடிச்சேன்னு ஒரு வருஷம் பேசல. அந்த இயக்கத்தோட அடையாளமா மார்க்கர்ல கையில எக்ஸ் போட்டுக்கிட்டு எதிர்ல வருவான், பாக்காத மாதிரி போயிடுவான். அது இன்னும் வலிக்குது.

நான் 1981 டிசம்பர்ல வந்த ரெண்டாவது ஈபியைத்தான் அதிகமா கேப்பேன். 4 பாட்டுதான், ஆனா பாட்டுக்குள்ள ஏத்த இறக்கம் கூட. ஆனா அதுலயும் 'அவுட் ஆஃப் ஸ்டெப்'னு ஒண்ணு இருக்கு. இதைச் செய்யாதே, அதைச் செய்யாதேன்னு மூணு கட்டளை மாதிரியே கேக்கும்.


ஆறாம்தந்தி எழுதியது:

கோடை, உங்கள் நண்பர் அப்படிச் செய்தது வருத்தமாக இருக்கிறது. ஒரு பாட்டை நேசிக்கிறவன் அதை வைத்து இன்னொருவனை அளக்கும்போது அந்தப் பாட்டுக்கே துரோகம் செய்கிறான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். தாழம்பூவுக்கும் இதுதான் பதில்.

நீங்கள் சொன்ன 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பாட்டில் அந்த மூன்று வரிகளில் 'நான்' என்ற சொல்லைப் பாடுவதே இல்லை. ஆங்கிலத்தில் 'டோன்ட்' என்று தொடங்கிவிட்டால் அது 'நான் செய்வதில்லை' என்றும் கேட்கும், 'நீ செய்யாதே' என்றும் கேட்கும். தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. 'குடிக்க மாட்டேன்' என்றால் அந்த 'ஏன்' விகுதிக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். 'குடிக்காதே' என்றால் எதிரில் நீ நிற்கிறாய். தன்மை வேறு, முன்னிலை வேறு. ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் விழுந்துபோனால் தன்மை அப்படியே முன்னிலையாகிவிடுகிறது. பேண்டுக்குள்ளேயே இது பிரச்சினையானது. ஜெஃப் நெல்சன் விடாமல் நின்று, அச்சடித்த வரிகளில் அடைப்புக்குறிக்குள் 'நான்' என்று போட வைத்தார். 1983-ல் அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்தபோது, நடுவில் இயான் பாட்டை விட்டு இறங்கி, இது விதிகள் இல்லை, நான் யாரையும் இப்படி நடக்கச் சொல்லவில்லை என்று பேச்சாகவே சொல்கிறார். இரண்டு வருஷத்துக்குள் அப்படிச் சொல்ல வேண்டிய நிலை வந்திருக்கிறது.

இப்போது முதல் தட்டுக்குத் திரும்புங்கள். 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டில் அந்தக் குழப்பம் கிடையாது. முழுக்க முழுக்கத் தன்மை ஒருமை. நானும் உங்களைப்போல ஒரு ஆள்தான், எனக்கு வேறு வேலை இருக்கிறது, எனக்கு இது தேவைப்படவில்லை. அவ்வளவுதான் சொல்கிறார். எதிரில் இருப்பவனுக்கு ஒரு கட்டளைகூட இல்லை. தாழம்பூ, வரிகளை முதலில் கவனிப்பவள் என்று சொன்னீர்கள். ஒருமுறை அதை மனசுக்குள் தமிழாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 'ஏன்' விகுதியோ 'எனக்கு' என்ற சொல்லோதான் வரும்.

இன்னொரு விஷயம். கோடை சொன்ன அந்த எக்ஸ் குறி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980-ல் டீன் ஐடில்ஸ் மேற்குக் கரைக்குப் போனபோது, சான் ஃப்ரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் கிளப்பில் வயசு வராத பையன்களுக்கு மது ஊற்றிவிடக் கூடாது என்று அங்கே இருந்தவர்கள் அவர்கள் கையில் பெரிய எக்ஸ் போட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பையன்கள் அதையே வாஷிங்டன் கிளப்புகளிடம் கொண்டுபோனார்கள். எங்கள் கையில் குறி போடுங்கள், குடிக்க மாட்டோம், ஆனால் உள்ளே விடுங்கள், இசையைக் கேட்க வேண்டும் என்று. குறியின் தொடக்கம் அது. உள்ளே வருவதற்காகப் போட்டுக்கொண்டது. பக்கத்தில் நிற்பவனை வெளியே தள்ளுவதற்கு அதைப் பிறகு சிலர் பயன்படுத்தினார்கள் என்றால் அந்தத் தவறு இந்த முக்கால் நிமிஷத்தில் இல்லை.

எனக்கு இது சொந்த விஷயம். பதினேழு வயதில் என்னைச் சுற்றி எல்லோரும் குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. நெறி, கொள்கை என்று எதுவும் கிடையாது. வீட்டில் ஒருவர் குடித்து அழிந்ததைப் பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல வாய் வராது. வயிறு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொய். இந்தப் பாட்டைக் கேட்ட அன்றைக்குத்தான், காரணம் சொல்லாமலே 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லலாம் என்று தெரிந்தது. அடுத்த முறை அப்படியே சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தான்.


கோடை எழுதியது:

அடைப்புக்குறி கதை எனக்குத் தெரியாது. முதல் தட்டை அந்த ஏழு அங்குல வரிசையிலயே இன்னைக்குத் திரும்பக் கேட்டேன். 'பாட்டில்ட் வயலன்ஸ்' கேக்கும்போது, நான் வெறுக்கிறது குடிக்கிறவனையும் இல்ல குடிக்காதவனையும் இல்ல, அடுத்தவன் மேல பாயுறவனைத்தான்னு தோணுச்சு. நன்றி, ஆறாம்தந்தி.


தாழம்பூ எழுதியது:

எல்லோரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. சொன்னபடியே செய்தேன்.

முதல் நாலு கேட்டுவிட்டு நிறுத்தினேன். அறை அப்படி அமைதியாகும் என்று நினைக்கவில்லை. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அடுத்த நாலு. கிதாரை மட்டும் பின்தொடர்ந்தேன். முதல் தடவை முடியவில்லை, குரல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது தடவையில் 'ஃபில்லர்' தனியாகத் தெரிந்தது, 'சீயிங் ரெட்' தனியாகத் தெரிந்தது. எட்டாவது முடிந்ததும் நிறுத்தப் போனேன், விரல் போவதற்குள் ஒன்பதாவது தொடங்கிவிட்டது. சட்டென்று எரிச்சல் வந்தது. போன வாரம் எல்லாம் ஒன்றுபோலக் கேட்ட எனக்கு இப்போது 'இது அந்தத் தட்டு இல்லை' என்று தெரிகிறதே என்று பிறகுதான் உறைத்தது.

'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' வரிகளைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஆறாம்தந்தி சொன்னது சரி. திரும்பத் திரும்ப 'ஏன்', 'எனக்கு', 'ஏன்'. எழுதி முடித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. தம்பி காலேஜ் முதல் வருஷம் விடுதியை விட்டுத் திடீரென்று வீட்டுக்கு வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் சாப்பாடு சரியில்லை என்றான், தூக்கம் வரவில்லை என்றான். நாங்களும் அதையே நம்பினோம். இந்தத் தட்டை அவன் கேட்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான்.

இன்னும் அவனிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறான். தட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் ஏழு அங்குல மறுபதிப்பு இருக்கிறதாம், இத்தனை நாளும் எனக்குக் காட்டியதில்லை. திருப்பிப் போடுவது நான் என்று சொல்லிவிட்டேன்.